கலகக் குரங்கும் பொன் வளையமும்

மாயக் கதைகளைப் பற்றி நம்மவரிடையே இருவகை மனப்பான்மை உண்டு. ஒரு சாரார் அவற்றை இரவெல்லாம் கண்விழித்துக் கேட்பினும் அலுப்படையாதவர். மற்றொரு சாரார் அறிவு வளர்ச்சியில் நாட்டமுடையோர். மந்திரமும் மாயமும் நிறைந்த கதை எதுவாயினும் அது மூடத்தனத்துக்கு எரு இடுவதே என்று ஒதுக்கிவிடுபவர். அக்கதைகளில் மிகவும் தீங்கு பயக்கும் பாத்திரம் யாது என்று இப்பின்னவரைக் கேட்டால், அவர் அரக்கனைக் காட்டார், குறும்பனையே காட்டுவார். நல்லவனென்று ஏற்கவும் முடியாமல், தீயவனென்று தள்ளவும் முடியாமல், ஒழுங்கைக் குலைத்து ஊரைக் கலக்கித் திரிபவன் அவன். அரக்கனாவது அரக்கனென்று வெளிப்படையாய்த் தெரிந்துவிடுகிறான். இவனோ சிரிக்கவைத்துச் சிந்தையைக் கெடுக்கிறான் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் அதற்கு விடை காணாத கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. எந்நாட்டு மக்களும் குற்றமற்ற நாயகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குறும்பனையன்றோ நெஞ்சில் வைத்துக்கொள்கிறார்கள்? இஃது ஏன்? மக்கள் இயல்பாகவே தீமையை விரும்புகிறவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் அது மக்களை இழிவுபடுத்துவதாகும், உண்மையும் அன்று. இதை ஆராய்வதற்குத் தக்க கதையொன்று நம் அண்டை வீட்டிலேயே இருக்கிறது. அதுவே சீனரின் ‘மேற்றிசைப் பயணம்’. அதன் நாயகன் சுன் வூகோங் என்னும் குரங்கரசன்.

கதையும் அதன் வரலாறும்

சிங்கப்பூரில் தியோங் பாரு வட்டாரத்து இங் ஹூன் தெரு வழியே செல்வோர் இக்குரங்குக்குக் கோயில் இருப்பதைக் காணலாம். வாயாங் என்று நாம் வழங்கும் சீனத் தெருக்கூத்தில், கையிற் கோலும் கண்ணிற் குறும்புமாய் அவன் குதித்து வரும்போது, மொழி அறியாத தமிழ்ப் பிள்ளைகளும் கைகொட்டிச் சிரிப்பதுண்டு. அவனை வழிபடுவது தகுமா தகாதா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. கதை என்ன சொல்கிறது என்பதொன்றே நமக்கு வேண்டுவது.

கதைக்கு அடிப்படையாய் ஒரு மெய்வரலாறு உண்டு. 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் என்னும் பௌத்தத் துறவி, அறநூல்களைத் தேடிச் சீனத்திலிருந்து இந்தியாவுக்கு நடந்து வந்தார், நாளந்தாவிற் பயின்றார், நூற்சுமையோடு 645ஆம் ஆண்டில் தம் நாடு மீண்டார். நம் காஞ்சிபுரத்தைப் பற்றியும் அவர் தமது குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இவ்வரலாற்றின்மேல் பல நூற்றாண்டுக் காலம் மக்கள் கற்பனை படர்ந்தது. துறவிக்குத் துணையாக ஒரு குரங்கும், ஒரு பன்றிமுகனும், ஓர் ஆற்றுப் பூதமும் வந்து சேர்ந்தன. 1592ஆம் ஆண்டில் 100 அதிகாரங்கள் கொண்ட பெருநூலாக அஃது அச்சேறிற்று. அப்பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. வூ செங்என் என்னும் புலவர் இயற்றியதென்று பின்னாள் அறிஞர் பலர் கூறுவர். அதில் ஐயுறுவாரும் உளர். ஆர்தர் வேலி என்னும் ஆங்கிலேயர் 1942ஆம் ஆண்டில் இதைச் சுருக்கி ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்தணி யூ என்பாரின் முழு மொழிபெயர்ப்பு 1977 முதல் 1983 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது.

கதைத் தலைவர் துறவியே என்று நூலின் பெயர் நம்மை எண்ணவைக்கிறது. ஆனால் முதல் ஏழு அதிகாரங்களில் பெரும்பகுதி குரங்கின் கதையே. படித்து முடித்தவர் நினைவில் நிலைத்து நிற்பவனும் அவனே. இனி அவன் செய்ததென்ன என்று காண்போம்.

குதிரைக்காரன் கேட்ட கேள்வி

மலையுச்சியில் ஒரு பாறை வெடித்து அவன் பிறக்கிறான். தாயில்லை, தந்தையில்லை, குலமில்லை. அருவிக்குப் பின்னே என்ன இருக்கிறதென்று பார்த்து வரும் துணிவு மற்றக் குரங்குகளுக்கு இல்லை, அவனுக்கு இருந்தது. அதனாலேயே அரசனானான். பின் ஒருநாள் விருந்தின் நடுவே, இவ்வளவு இன்பமும் சாவோடு முடியுமே என்று கண்ணீர் விட்டான். சாவை வெல்லக் கடல் கடந்து ஆசான் ஒருவரைத் தேடி, 72 வகை உருமாற்றமும், ஒரே பாய்ச்சலில் 108,000 லீ தொலைவு கடக்கும் ஆற்றலும் பெற்று மீண்டான். கடலரசனிடம் சென்று சீன நிறையில் 13,500 காட்டி எடையுள்ள இரும்புக்கோலைப் பறித்துக்கொண்டான். நமன் அவைக்குள் புகுந்து உயிர்க் கணக்கேட்டைப் பிடுங்கினான். அங்கே தன் பெயரை மட்டுமா அடித்தான்? தான் அறிந்த குரங்குகளின் பெயரையெல்லாம் சேர்த்தே அடித்துவிட்டான். வாசகர் இதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தகையவனை வெளியே விட்டுவைப்பது ஆபத்தென்று கருதிய விண்ணரசர் அவனை மேலே அழைத்து உத்தியோகம் ஒன்று தந்தார். குதிரை லாயத்துக்குப் பொறுப்பாளன் என்பது அந்த உத்தியோகம். குரங்கு மகிழ்ந்தான். இரவும் பகலும் விழித்திருந்து வேலை பார்த்தான், குதிரைகள் கொழுத்தன. அரைத் திங்களுக்கு மேல் சென்றபின், விருந்தொன்றில் உடன் பணிபுரிவோரிடம், “நம் பதவி எந்தப் படியைச் சேர்ந்தது?” என்று வினவினான். படியே இல்லை, கணக்கில் வாராத கடைசிப் பதவி என்று அவர்கள் விடை கூறினர். அக்கணமே மேசையை உதைத்துத் தள்ளிவிட்டு இறங்கிப் போனான்.

இக்குரங்கின்மேல் மக்கள் கொண்ட காதலுக்கு வேர் இவ்விடத்திலேதான் இருக்கிறது. அவன் வேலை செய்ய மறுத்தவனல்லன், செம்மையாகச் செய்தவன். ஏமாற்றப்பட்டதை அறிந்தபோதுதான் கோலைத் தூக்கினான். தோட்டத்தில் வளர்ந்த நம்மவருக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ? கங்காணி காலத்தில், விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பொழுது சாயும்வரை உழைத்து, பேரேட்டில் ஓர் எண்ணாக மட்டுமே இருந்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகள் நாம். வேலை நன்றாய் நடக்கிறது, ஆனால் வேலை செய்பவன் கணக்கில் இல்லை என்னும் நிலையைச் சீனக் கதாசிரியன் ஒரு லாயத்தில் வைத்துக் காட்டுகிறான். நாம் அதை வேறிடங்களிற் கண்டவர்கள்.

விண்ணுலகம் அடுத்துச் செய்ததோ இன்னும் நயமான சூழ்ச்சி. ‘விண்ணுக்கு ஒப்பான பெருமுனிவன்’ என்னும் பட்டத்தை அவன் தானே சூட்டிக்கொண்டான். அதை அவர்களும் ஒப்புக்கொண்டனர். பட்டம் உண்டு, சம்பளமில்லை, அதிகாரமில்லை. சாவாமை தரும் பீச்சுக்கனித் தோட்டத்துக்கு அவனைக் காவலனாக்கினர். ஆனால் அக்கனிகளுக்காக நடக்கும் பெருவிருந்துக்கு அவனை அழைக்கவில்லை. காவலன் கனிகளைத் தின்றான், விருந்து மதுவைக் குடித்தான், லாவோட்சுவின் மருந்துக் குளிகைகளையும் விழுங்கித் தீர்த்தான். பின்னர்ப் போர் மூண்டது. அவனைப் பிடித்து 49 நாள் உலையில் இட்டனர். வேகாமல் வெளியே குதித்தான். அரியணை ஒருவருக்கே நிலையாய் இருப்பதென்ன நியாயம், முறை வைத்து மாறட்டுமே என்று புத்தரையே கேட்டான். புத்தர் அதற்கு விடையளிக்கவில்லை. உள்ளங்கையைத் தாண்டிக் காட்டு என்று பந்தயம் கட்டி, தோற்றவனை மலையின்கீழ் 500 ஆண்டு அழுத்தி வைத்தார்.

குரங்கு தோற்றது உண்மை. அவன் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. கதை இவ்விரண்டையும் ஒளிக்காமல் வைத்துச் செல்கிறது. குறும்பனின் கவர்ச்சிக்கு இதுவே முதற் காரணம் என்போம். குற்றமற்ற நாயகன் கேட்கத் துணியாத கேள்வியை அவன் கேட்கிறான். கேட்கும் முறை தவறாயிருப்பினும் கேள்வி தவறாகிவிடுவதில்லை.

அனுமனும் சருகுமானும்

குரங்கு வீரன் என்றதும் நம்மவர் நினைவு அனுமனிடம் செல்லும். சீன அறிஞரும் அவ்வாறே எண்ணினர். ஹூ சி என்னும் பேரறிஞர் சுன் வூகோங்கின் மூலம் இந்தியக் கதையே என்று 1923ஆம் ஆண்டில் எழுதினார். லூ சுன் என்னும் எழுத்தாளரோ அதை மறுத்து, சீனத்துப் பழைய நீர்ப்பூதக் கதையே மூலமென்றார். வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. மூலம் எதுவாயினும், இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பது பயனுடையதே. அனுமன் தலைவனைக் கண்ட நாள்முதல் ஐயமற்றவன். அவன் பெருமை முழுதும் தொண்டில் அடங்கியது. அவனை நாம் போற்றுகிறோம். அவன் செய்கையைச் சரியா தவறா என்று எடைபோட நமக்கு வேலையே ஏற்படுவதில்லை. சுன் வூகோங்கிடம் அப்படியன்று. ஒவ்வோர் அதிகாரத்திலும், “இது நியாயமா?” என்று நாமே கேட்டுத் தீர்ப்பளிக்க வேண்டியிருக்கிறது. முன்னவன் நமக்குப் பக்தியைக் கற்பிக்கிறான். பின்னவன் நம்மை நியாயத்தலத்தில் உட்கார வைக்கிறான்.

இம்மண்ணுக்கே உரிய குறும்பன் ஒருவனும் உண்டு. மலாய் மக்கள் ‘சாங் காஞ்சில்’ என்று அன்போடு அழைக்கும் சருகுமான் அவன். முதலைகளைக் கரைக்குக் கரை வரிசையாய் நிற்கச் செய்து, அரசர் சுலைமான் கட்டளைப்படி எண்ண வந்ததாகப் பொய் சொல்லி, அவற்றின் முதுகின்மேல் குதித்து ஆற்றைக் கடந்து கனி தின்றவன். வேட்டை நாயை உதைத்துத் தள்ளிய வெண்சருகுமானைக் கண்டே மலாக்கா நகருக்கு இடம் தேர்ந்தனர் என்று ‘செஜாரா மெலாயு’ கூறும். எளியவன் பக்கம் நிற்கும் மக்கள் மனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டா.

எனினும் இவ்விரு குறும்பருக்கும் வேற்றுமை உண்டு. சருகுமான் தப்பித்தால் கதை முடிந்தது. அவன் பொய்யினால் யாருக்கு என்ன விளைந்ததென்று அக்கதை திரும்பிப் பார்ப்பதில்லை. சிறுகதைக்கு அது போதும். சீனப் பெருங்கதையோ திரும்பிப் பார்க்கிறது. அதனாலேயே அது பெரியது என்று சொல்ல நாம் அஞ்சவில்லை.

உலையின் செங்கல்

குறும்பனை வெறுப்போர் எழுப்பும் தடை இவ்விடத்தில் எதிர்ப்படுகிறது. “கலகம் செய்தவனுக்குக் கைதட்டுகிறீர்களே, அவனால் கெட்டழிந்தவரை யார் நினைக்கிறார்?” என்பது அது. நேர்மையான கேள்வி. இதற்குக் கதாசிரியன் தரும் விடை, நம் கருத்தில், உலகக் கதைகளில் அரிதாய்க் காணக்கூடியது.

500 ஆண்டுக்குப் பின் மலையடியிலிருந்து விடுபட்ட குரங்கு, துறவியின் சீடனாய் மேற்கே போகிறான். வழியில் ஒரு நாடு. அங்கே எரிமலைபோல் தகிக்கும் மலைத்தொடர் ஒன்று, ஆண்டு முழுவதும் அனல், புல்லும் முளையாது. மாய விசிறியுடைய ஒருத்திக்குக் காணிக்கை கொடுத்துத் தீயைச் சற்றே தணிவித்தாலன்றி அவ்வூரார் விதைக்கவோ அறுக்கவோ இயலாது. இந்தத் தீயை வைத்த கொடியவன் யாரென்று குரங்கு விசாரிக்கிறான். அந்நிலத்துக் காவல்தெய்வம் தயங்கித் தயங்கிச் சொல்கிறது: “அதனை வைத்தவர் தாங்களே.” 500 ஆண்டுக்கு முன் விண்ணுலகில் உலையை உதைத்துக் கவிழ்த்தபோது, அனல் தணியாத செங்கற்கள் சில பூமியில் விழுந்தனவாம், அவையே இம்மலையாயினவாம்.

அன்று விண்ணில் நடந்த போரைக் கண்டு நாமும் கைகொட்டினோம் அல்லவா? நாம் கைகொட்டிய அந்நேரத்தில் பெயரறியா உழவர் நிலத்தில் தீ விழுந்து கொண்டிருந்தது என்பதைக் கதை ஐம்பது அதிகாரங்களுக்குப் பிறகு நம்மிடம் சொல்கிறது. குரங்கை அது திட்டவில்லை, நம்மையும் திட்டவில்லை. கணக்கை மட்டும் கையில் கொடுக்கிறது. குரங்கு பெரும்பாடுபட்டு விசிறியைப் பெறுகிறான். தாங்கள் கடந்து போகுமளவு தீயை அணைத்துவிட்டு நடந்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. தீ மீண்டும் எழாதிருக்க வழி கேட்டறிந்து, 49 முறை விசிறி அதன் வேரை அணைத்துவிட்டே அகல்கிறான்.

மேலே நடக்கும் சண்டையின் நெருப்பு கீழே இருப்பவன் கூரையிலேதான் விழும். இதை மறைக்கும் கதை, குறும்பனைக் கொண்டாடுவதாயினும் சரி, அரசனைக் கொண்டாடுவதாயினும் சரி, பொய்க்கதையே. மாயமும் மந்திரமும் இருப்பதனால் ஒரு கதை பொய்யாகிவிடாது. துன்பப்பட்டவன் கணக்கை மறைப்பதனாலேயே பொய்யாகிறது.

வளையம் அறியாத நியாயம்

இனி அந்தப் பொன் வளையத்துக்கு வருவோம். வழிமறித்த கள்வர் அறுவரைக் குரங்கு அடித்துக் கொன்றான். கொலை தகாதென்று துறவி கடிந்தார். அவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான். அவனை அடக்குவதற்காகக் குவான் யின் தேவி ஒரு தலையணியைத் துறவியிடம் தந்தாள். திரும்பி வந்த குரங்கு அதன் சூழ்ச்சி அறியாமல் ஆசையோடு எடுத்து அணிந்தான். வளையம் தலையோடு வேர்விட்டது. துறவி மந்திரம் ஓதினால் அஃது இறுகும். அவன் மண்ணிற் புரண்டு கதறுவான்.

கள்வர் அறுவரைக் கொன்றதில் குற்றம் குரங்கினுடையதே என்று நாம் ஒப்புவோம். அடக்குவாரின்றி அலையும் வலிமை பிறருக்கு ஆபத்தென்பதை யார் மறுப்பர்? அந்த அளவில் வளையத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் 27ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். வெண்ணெலும்புப் பேய் ஒன்று துறவியைத் தின்னக் கருதி, முதலில் இளமங்கையாகவும், பின் அவள் தாயான கிழவியாகவும், பின் கிழவனாகவும் உருமாறி வருகிறது. அது பேயென்று குரங்கின் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறது. மும்முறையும் அடிக்கிறான். துறவியோ அப்பாவிகளைக் கொன்றானென்று மந்திரம் ஓதுகிறார். மூன்றாம் முறை எலும்புக்கூடு வெளிப்பட்ட பின்னரும், பன்றிமுகன் சொன்ன கோளைக் கேட்டு, விலக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். கடைசியாய் ஒரு வணக்கம் ஏற்றுக்கொள்ளும்படி குரங்கு வேண்டுகிறான்; துறவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குரங்கு தன் மயிர்களைப் பிடுங்கித் தன்னைப்போல் மூவரைப் படைத்து, நாற்புறமும் நின்று வணங்குகிறான். எப்பக்கம் திரும்பினாலும் அவ்வணக்கத்தை ஏற்காமல் அவரால் இருக்க முடியவில்லை. பின்பு அழுதுகொண்டே போகிறான்.

கள்வரைக் கொன்றபோது இறுகவேண்டிய வளையம், பேயைக் கொன்றபோதும் அதே அளவு இறுகியது. அதாவது, வளையத்துக்கு நியாயம் தெரியாது. பிடித்திருப்பவரின் மனநிலை மட்டுமே தெரியும். துறவி நல்லவர்தாம், கொல்லாமையில் உறுதியுடையவர், ஆயினும் நல்லவர் கையில் இருப்பதால் மட்டும் ஓர் அதிகாரம் நியாயமாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான கதை வேண்டுமோ? சங்கமாயினும், சபையாயினும், பள்ளிக்கூடமாயினும், குடும்பமாயினும், பிறர் தலையில் வளையம் மாட்டும் பொறுப்பில் இருப்போர் இவ்வதிகாரத்தை ஆண்டுக்கொரு முறை படிப்பது நலம்.

ஆதரவாளர் உள்ள பேய்கள்

வழியில் எதிர்ப்படும் பேய்களின் கதியையும் பார்ப்போம். இக்கதையை ஊன்றிப் படித்த எவரும் காணாதிருக்க முடியாத உண்மை ஒன்று அதில் உண்டு. பெரிய ஆறொன்றில் ஒரு பூதம், ஆண்டுதோறும் ஓர் ஆண் குழந்தையையும் ஒரு பெண் குழந்தையையும் பலி கேட்டுத் தின்று வந்தது. அது குவான் யின் தேவியின் தாமரைக் குளத்துப் பொன்மீன். தேவி மூங்கிற் கூடையில் அதைப் பிடித்துக்கொண்டு போகிறாள். மற்றொரு பூதம் லாவோட்சுவின் எருது. அவர் வந்து ஓட்டிச் செல்கிறார். வூஜி என்னும் நாட்டில் அரசனைக் கிணற்றில் தள்ளி மூன்றாண்டு அவன் அரியணையில் அமர்ந்திருந்தது மஞ்சுசிறி போதிசத்துவரின் சிங்கம். முன்னொருகால் போதிசத்துவர் மாறுவேடத்தில் வந்தபோது அவ்வரசன் அவரை மூன்று நாள் நீரில் ஆழ்த்தினானாம். அதற்கீடாக இந்த மூன்றாண்டாம். நாளுக்கு ஆண்டு வட்டி! எந்தச் செட்டும் இவ்வளவு கேட்டிருக்கமாட்டான்.

இப்பேய்களெல்லாம் உடையவரோடு பத்திரமாய் வீடு திரும்பின. வெண்ணெலும்புப் பேய்க்கு உடையவர் யாருமில்லை. அது மண்டை உடைந்து மாண்டது. நூல் முடிவிலோ, புத்தர் சந்நிதியிலேயே கையுறை கொடாதவர்க்குச் சீடர் இருவர் எழுத்தில்லாத வெற்றுத்தாள்களைக் கட்டிக் கொடுக்கின்றனர். துறவி தம் பொற்பிச்சைப் பாத்திரத்தைக் கொடுத்த பின்னரே எழுத்துள்ள நூல்கள் கிடைக்கின்றன. ‘ஒழுங்கு’ என்று பெயர் சூட்டிக்கொண்டிருக்கும் உலகம் இத்தகையதாயின், அதில் ‘ஒழுங்கற்றவன்’ என்று பெயர் வாங்கிய குரங்கின்மேல் வாசகனுக்கு அன்பு பிறப்பதில் வியப்பென்ன? அவன் கைகளும் தூயவை அல்ல. ஆனால் தூய்மை வேடம் பூண்டவன் அவன் அல்லன்.

ஆகவே குறும்பரில் இருவகை உண்டென்று நாம் பிரித்தறிய வேண்டும். கீழிருந்து மேலுள்ளதைக் கலக்குபவன் ஒருவன். மேலிருந்து கீழுள்ளதைக் கலக்குபவன் மற்றொருவன். முன்னவன் அடிபடுவதற்குத் துணிந்து கலக்குகிறான். பின்னவனுக்கோ அடியே கிடையாது. அவன் செய்வது விளையாட்டென்று பாடப்படும். கேட்போர் இருவரையும் ‘குறும்பன்’ என்னும் ஒரே பெயரால் அழைத்துக் கொஞ்சுவதே அறிவுக்குக் கேடு. பொன்மீனும் குறும்பே, குரங்கும் குறும்பே என்று கூறுவோன் பலியான குழந்தைகளை மறந்தவன்.

இந்நாளைய குரங்கு

இக்குரங்கு பழங்கதையோடு நின்றுவிடவில்லை. 1961, 1964ஆம் ஆண்டுகளில் சீனத்தில் இரு பாகங்களாக வெளிவந்த ஓவியப் படம் ஒன்றில், விண்ணுலகைக் கலக்கிய குரங்கு தோற்பதேயில்லை. வென்று மலைக்குத் திரும்புகிறான். அத்தோடு படம் முடிகிறது. ஜப்பானில் அகிரா தோரியாமா 1984ஆம் ஆண்டில் தொடங்கிய ‘டிராகன் பால்’ சித்திரக்கதையின் நாயகன் கோக்கு இவன் பெயரையே கொண்டவன். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் சீனர் வெளியிட்ட ‘பிளாக் மித்: வூகோங்’ என்னும் கணினி விளையாட்டு மூன்றே நாளில் ஒரு கோடிப் படிகள் விற்றது. நம் பிள்ளைகளிற் பலர் குரங்கரசனை முதலில் அறிவது இவ்வழிகளிலேதான்.

அந்த ஓவியப் படம் கண்ணுக்கு விருந்து. அதன் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் தோல்வியையும் மலையையும் வளையத்தையும் வெட்டிவிட்டபோது செங்கல் விழுந்த கதையும் வெட்டுண்டு போயிற்று. எஞ்சியது கோலும் வெற்றியும். வலிமையுடையவன் செய்வதெல்லாம் இனிது என்னும் எண்ணம் பிள்ளை மனத்தில் படிவது இப்படித்தான். பிறகு அவன் தெருவில் வலியவனைக் கண்டாலும் கைதட்டுவான். அவ்வலியவன் யாரை அடிக்கிறான் என்று பாரான். குறும்பனை வெறுப்போரின் அச்சத்துக்கு இடமளிப்பது முழுக்கதையன்று, அரைக்கதையே. மருந்து என்னவெனின், கதையைத் தடுப்பதன்று, முழுவதும் சொல்லுவதே.

கடைசி வேண்டுகோள்

பயணம் முடிந்தது. 81 இடர்களும் கடந்தாயின. துறவிக்கும் சீடருக்கும் பதவிகள் வழங்கப்படுகின்றன. குரங்குக்குப் ‘போரில் வென்ற புத்தன்’ என்னும் பேறு. பன்றிமுகனுக்குப் படையற் பீடங்களைத் துடைக்கும் வேலை. தனக்கு மட்டும் ஏன் குறைந்ததென்று அவன் அங்கேயும் முறையிடுகிறான். படையல் மிச்சம் குறைவின்றிக் கிடைக்குமென்று ஆறுதல் சொல்லப்படுகிறது. விண்ணுலகம் அப்பொழுதும் படி பார்த்தே பதவி தந்தது என்பதைக் கதாசிரியன் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறான்.

அப்போது குரங்கு துறவியிடம் ஒன்று வேண்டுகிறான். நானும் புத்தனாகிவிட்டேன், இன்னும் இவ்வளையம் எதற்கு, மந்திரம் ஓதித் தளர்த்துங்கள் என்கிறான். அதோடு நிற்கவில்லை. கழற்றியதை உடைத்துத் தூளாக்க வேண்டும், இனி வேறொருவர் தலையில் அதை யாரும் மாட்டிவிடலாகாது என்கிறான். தலையைத் தடவிப் பார் என்கிறார் துறவி. தடவினான், வளையம் இல்லை. எப்போது போயிற்றென்று அவனுக்கே தெரியவில்லை.

முதலில் அவன் நமன் ஏட்டில் தன் இனத்தார் பெயரையும் அடித்தான். நடுவே தனக்கொரு பதவி, தனக்கொரு பட்டம், தனக்கோர் அரியணை என்று கேட்டான். அக்கேட்டலால் உழவர் நிலத்தில் நெருப்பு விழுந்தது. முடிவில் தன் தலைக்கு விடுதலை கிடைக்கும் வேளையிலே பிறர் தலையை நினைக்கிறான். இம்மூன்றுக்கும் இடையே நடந்த நடையே ‘மேற்றிசைப் பயணம்’ என்பது நம் துணிபு. மாசற்றவனாய்ப் பிறந்த நாயகனுக்கு இந்நடை இல்லை. ஏனெனில் அவன் வந்துசேர வேண்டிய இடத்திலேயே பிறந்துவிட்டான். தீமையே உருவான அரக்கனுக்கும் இல்லை. அவனுக்குப் போகுமிடம் ஏது? இருளும் ஒளியும் கலந்து பிறந்தவனுக்கே வழி என்பது உண்டு. மக்கள் குறும்பனை விரும்புவது தீமையை விரும்புவதனால் அன்று. தம்மைப்போல் வழிநடப்பவனைக் காண விரும்புவதனாலேயே.

ஆதலின், படிப்பகம் நடத்துவோரும் பிள்ளைகளுக்குக் கதை சொல்வோரும் மாயக் கதை என்ற ஒரு காரணத்துக்காகவே நூலை விலக்கிவிடாதிருப்பார்களாக. ஒவ்வொரு கதையையும் எடுத்து மூன்று கேள்வி கேட்கட்டும்: இவன் கலக்குவது மேலுள்ளதையா, கீழுள்ளதையா? இவன் செய்கையால் துன்புற்றவர் கணக்குக் கதையில் இருக்கிறதா? தான் விடுபட்ட பின் வளையத்தை உடைக்கக் கேட்கிறானா, அன்றி அதைத் தன் கையில் வைத்துக்கொள்கிறானா? முதலிரண்டில் தேறி மூன்றாவதில் தோற்ற தலைவர்களை உலக வரலாறு போதிய அளவு கண்டிருக்கிறது. இக்கேள்விகளைக் கேட்டுப் பழகிய பிள்ளை எந்தக் கதையையும் அஞ்சாமற் படிக்கலாம். அவன் கதையில் மட்டுமன்றிக் கதைக்கு வெளியேயும் அவற்றைக் கேட்பான். அதைவிட வேறென்ன பயனை நாம் இலக்கியத்தினிடம் எதிர்பார்க்க வேண்டும்?